கூடுதல் குறைபாடு உள்ள குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட்: முதல் சந்தேகத்திலிருந்து தினசரி பழக்கம் வரை

என் மகன் பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை ஏறியது. பிலிருபின் அளவு இறங்குவதற்குள் மூளையைத் தொட்டுவிட்டது. கை கால் தானாக முறுக்கிக்கொள்ளும் அத்தெட்டாய்டு வகை பெருமூளை வாதம், கூடவே காது கேளாமை. காக்ளியர் இம்பிளான்ட் பற்றிக் கேட்கப் போனபோது ஒரு இடத்தில் "முதல்ல கழுத்து நிக்கட்டும், அப்புறம் காதைப் பாக்கலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "வெச்சாலும் பேச மாட்டான், பணம்தான் வேஸ்ட்" என்றார்கள். இரண்டுமே தப்பு என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. காது விஷயத்தில் ஒரு வருடம் என்பது பெரிய நஷ்டம். அந்த வருடத்தில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை; உங்கள் குழந்தையைப் பார்க்கும் குழுவிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவினால் போதும்.

இம்பிளான்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். காதுக்கு மேல் மாட்டும் ப்ராசஸர் ஒலியைப் பிடித்து டிஜிட்டல் சமிக்ஞையாக மாற்றும். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் 'காயில்' என்ற வட்டமான கம்பிச்சுருள் அதைத் தோலுக்கு அடியில் உள்ள கருவிக்கு அனுப்பும். அந்தக் கருவியிலிருந்து போகும் மெல்லிய எலக்ட்ரோடு, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் நுழைந்து செவி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும். காது கேட்கும் கருவி சத்தத்தைப் பெரிதாக்கும். இம்பிளான்ட் பழுதான உள்காதைச் சுற்றிக்கொண்டு போய் நரம்பிடம் பேசும். ஆகவே நரம்பு இருக்க வேண்டும், அந்தச் செய்தியைப் படிக்க மூளை பழக வேண்டும்.

அமெரிக்காவில் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது 1990-ல். 2000-ல் அந்த வயது 12 மாதமாகவும், 2020-ல் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு 9 மாதமாகவும் குறைந்தது. தொடக்க காலத்தில் வேறு குறைபாடும் உள்ள குழந்தைகளைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தார்கள். இன்று அப்படி இல்லை. காது கேளாத குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேறொரு சிக்கலும் சேர்ந்தே இருக்கிறது. ஆக, நம் பிள்ளைகள் ஒன்றும் அபூர்வம் இல்லை.

ஓஏஇ 'பாஸ்' என்பதை மட்டும் நம்பாதீர்கள்

பிறந்த குழந்தைக்குப் பல மருத்துவமனைகளில் செய்வது ஓஏஇ சோதனை. காதில் சின்ன ப்ரோபை வைத்தால் சில நிமிடத்தில் பாஸ் அல்லது ரெஃபர் (மேல்சோதனை தேவை) என்று காட்டிவிடும். உள்காதின் வெளிமயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். அதைத் தாண்டி ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. கடும் மஞ்சள் காமாலை, குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல், நாள்கணக்கில் என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) என்று வந்த குழந்தைகளுக்குப் பழுது நரம்புப் பக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆடிட்டரி நியூரோபதி என்பது இதன் பெயர். என் மகன் ஓஏஇ பாஸ். அந்தத் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

இந்தக் குழந்தைகளுக்கு பெரா டெஸ்ட் கட்டாயம். தூங்க வைத்து, தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு வரை அலை வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் நியூரோபதியில் பெரா அலை வராவிட்டால் 'சுத்தமாகக் கேட்கவில்லை' என்று அர்த்தமாகாது. எவ்வளவு கேட்கிறது என்பதைக் குழந்தையின் நடத்தையில்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் நமக்குச் சிக்கல். ஒலி வந்த திசைக்குத் தலையைத் திருப்புகிறதா என்று பார்ப்பார்கள். கழுத்து நிற்காத குழந்தை எங்கே திருப்பும்? பால் குடிப்பதை நிறுத்துவது, கண் விரிவது, ஆடிக்கொண்டிருந்த கை சட்டென்று அடங்குவது, மூச்சின் தாளம் மாறுவது, இவையும் பதில்கள்தான். வீட்டில் இப்படி நடக்கும்போது போனில் வீடியோ எடுத்து ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) காட்டுங்கள். பத்து நிமிட சோதனையில் தெரியாதது அதில் தெரியும்.

நியூரோபதி உள்ள குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் சில மாதங்களில் நரம்பு முதிர்ந்து நிலைமை ஓரளவு மாறலாம். அதனால் பெராவைத் திரும்பச் செய்து, ஒன்று ஒன்றரை வயது வரை பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போயிருந்தால் கதையே வேறு. காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். அப்புறம் எலக்ட்ரோடு நுழைய இடமிருக்காது. அங்கே மாதம் இல்லை, வாரம்தான் கணக்கு. "பாக்கலாம், வெயிட் பண்ணலாம்" என்று யார் சொன்னாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

காரணத்தைத் தேடுங்கள்

ஏன் கேட்கவில்லை என்பது பழைய கதை, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அறுவை சிகிச்சையும் அதன் பலனும் காரணத்தைப் பொறுத்தே மாறும்.

கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கியிருந்தால் காதோடு கண்ணையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். சிஎம்வி வைரஸ் என்றால் பிறக்கும்போது நன்றாகக் கேட்டு, பிறகு படிப்படியாகக் குறையலாம். வளர்ச்சித் தாமதமும் சேரலாம். பல உறுப்புகளைப் பாதிக்கும் பிறவிக் கோளாறான சார்ஜ் சிண்ட்ரோமில் செவி நரம்பு மிக மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கலாம், முக நரம்பு இடம் மாறி ஓடலாம்; சர்ஜனுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். காது கேளாத குழந்தை 18 மாதத்துக்கு மேலாகியும் நடக்காமல் தள்ளாடினால் அஷர் சிண்ட்ரோமா என்று கேளுங்கள். அதில் பின்னாளில் பார்வையும் குறையும், முதலில் இருட்டில் தடுமாற்றம் தெரியும். பார்வை போகப்போகிற குழந்தைக்குக் காது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: பிறவியிலேயே காது கேளாத சில குழந்தைகளுக்கு இதயத்துடிப்பின் மின்னோட்டத்திலும் கோளாறு இருக்கும். ஒரு சாதாரண ஈசிஜி அதைக் காட்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

உள்காதின் எலும்பமைப்புக்கு சிடி, நரம்புக்கு எம்ஆர்ஐ. இரண்டும் தேவைப்படலாம். நம் பிள்ளைகள் அசையாமல் படுக்க மாட்டார்கள், மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ, சிடி, பெரா மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, மூன்று தடவை பட்டினி போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம்.

நரம்பே இல்லை என்று ஸ்கேன் சொன்னால் காக்ளியர் இம்பிளான்டால் பெரும்பாலும் பயனில்லை. மூளைத்தண்டில் வைக்கும் இம்பிளான்ட் என்று ஒன்று உண்டு. சென்னையிலும் செய்கிறார்கள். அது இன்னும் பெரிய அறுவை, பலனும் குறைவாகவே இருக்கும். அவசரப்படாமல் யோசிக்க வேண்டிய விஷயம்.

காது கேட்கும் கருவியோடு சோதனைக் காலம்

பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை இரண்டு காதிலும் கருவி போட்டுப் பார்ப்பார்கள். சும்மா சடங்குக்காகப் போடாதீர்கள். மாட்டிக்கொள்ளும் பழக்கமே அப்போதுதான் வரும். சில நியூரோபதி குழந்தைகளுக்குக் கருவியே போதுமானதாகவும் இருந்துவிடும்.

இதே காலத்தில் உளவியல் மதிப்பீடும் நடக்கும். இங்கே கவனம் தேவை. கேட்கும் திறன் இல்லாத, கை சொன்னபடி போகாத குழந்தையிடம் "சிவப்பு கட்டையை எடுத்து வை" என்று சொல்லி மார்க் போட்டால் என்ன வரும்? என் மகனுக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல விட்டபோது வேறு ஒரு குழந்தை தெரிந்தான். பேச்சையும் கையையும் சாராத முறையில் மதிப்பிடச் சொல்லி வற்புறுத்துங்கள். முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட், பல குறைபாடுகள் சேர்ந்த குழந்தைகளுக்காகவே உள்ள தேசிய நிறுவனம். ஒரே வளாகத்தில் எல்லாத் துறையினரும் பார்ப்பார்கள். மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் அரசு மருத்துவமனையில் இருக்கும், முதல் கதவாக அதைத் தட்டலாம்.

எதற்காக இம்பிளான்ட் என்பதை எழுதி வையுங்கள்

முழு வழிகாட்டியில் இந்தப் படிதான் எனக்கு முக்கியம். "பேசுவானா?" என்பது ஒரே ஒரு கேள்வி. அதை மட்டும் கேட்டால் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 'தெரியாது' என்றுதான் பதில் வரும், உடனே 'வேண்டாம்' என்று முடிவு வந்துவிடும்.

ஒரு தாளை எடுத்து, இந்தக் குழந்தைக்குக் கேட்டால் வீட்டில் என்ன மாறும் என்று எழுதுங்கள். நாங்கள் எழுதியது இது: பெயர் சொன்னால் தெரிய வேண்டும். நான் அறையை விட்டுப் போனாலும் என் குரல் கேட்டு அழாமல் இருக்க வேண்டும். பிசியோதெரபியில் "இப்ப காலைத் தூக்கப் போறேன்" என்று சொன்னால் உடம்பு பயந்து விறைக்காமல் இருக்க வேண்டும். இதில் பேச்சு இல்லை. அவனுடைய வாய்த் தசைகளுக்கு அது மிகக் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். பேச்சு வாயிலிருந்து வராவிட்டாலும் மொழி காது வழியாக உள்ளே போகலாம். இரண்டும் ஒன்றல்ல.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் வேறு மாதிரி எழுதுவார்கள். அங்கே ஒலி சில நேரம் தொந்தரவாகவே இருக்கும், பலன் மெதுவாக வரும். பார்வையும் இல்லாத குழந்தைக்கு, யாரோ கிட்டே வருகிறார்கள் என்று தொடுவதற்கு முன்பே தெரிவதே பெரிய மாற்றம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பலர் கொஞ்சம் தாமதமாகப் பேச்சுக்கும் வருகிறார்கள்.

எழுதிய தாளை சர்ஜனிடமும் ஆடியாலஜிஸ்டிடமும் காட்டுங்கள். இதில் எது நடக்கலாம், எது கஷ்டம் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மேப்பிங்குக்கும் (கருவியின் அளவைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்வது) தெரபிக்கும் வருடக்கணக்கில் போய்வர முடியாத நிலை, குழந்தையின் உடல்நிலை ஏற்கெனவே மோசமாகிக்கொண்டே போகும் நிலை என்றால் 'வேண்டாம்' என்பதும் நல்ல முடிவே. சைகையும் படங்களும் தொடுதலும் அப்போதும் மொழிதான்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் மூளை ஒலிக்குப் பழகச் சிறந்த காலம் ஏறக்குறைய மூன்றரை வயது வரை. 7 வயதுக்கு மேல் மிகக் கடினம். கழுத்து நிற்கட்டும், வலிப்பு நிற்கட்டும் என்று வரிசையாகக் காத்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

பணமும் தாள்களும்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உதவிக் கருவிகளுக்கான மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு 1 முதல் 5 வயது வரை வாய்ப்பு. இரண்டிலும் பலன் கிடைக்குமா என்று ஒரு குழு பார்த்துத்தான் ஒப்புதல் தரும். கூடுதல் குறைபாட்டைக் காட்டி ஃபைல் தேங்கினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக வந்த மறுப்புக்கு மேல்முறையீடு செய்வது கஷ்டம். யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் பல குறைபாடு என்றே பதிவாகட்டும். பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிரமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவுக்கும் உதவும்.

அறுவை முடிந்த பிறகான செலவைத்தான் யாரும் சொல்வதில்லை. பேட்டரி, அறுந்துபோகும் கேபிள், தொலையும் காயில், வாரன்டி முடிந்த ப்ராசஸர். அறுவைக்கு முன்பே ஒவ்வொன்றின் விலையையும் எழுதி வாங்குங்கள். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அறுவைக்கு முன்

நிமோகாக்கஸ் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். குறைந்தது 2 வாரம் முன்பே. இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் கொஞ்சம் கூடுதல் என்பதால் இதை விடவே கூடாது.

மயக்க மருந்து டாக்டரைத் தனியாகச் சந்தியுங்கள். எச்சில் ஒழுகுவது, சாப்பிட்டது எதுக்களிப்பது, அடிக்கடி சளி பிடிப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை அன்று காலை கொடுக்கலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். தலையில் நீர் வடிக்கும் ஷன்ட் இருந்தால் அது எந்தப் பக்கம், காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வா என்று சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். காயிலின் காந்தமும் அந்த வால்வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது. வலிப்புக்காகப் பின்னாளில் மூளை எம்ஆர்ஐ தேவைப்படும் குழந்தை என்றால், உள்ளே வைக்கும் காந்தம் எந்த அளவு எம்ஆர்ஐக்குத் தாங்கும் என்று கேட்டுத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு காதில் மட்டும் வைப்பதென்றால், குழந்தை எப்போதும் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்கிறது என்று பாருங்கள். சாயும் பக்கம் வைத்தால் காயில் நாள் முழுக்க நசுங்கும். ஸ்கேன் இரண்டு பக்கமும் ஒன்றே என்று சொன்னால், இந்தச் சின்ன விஷயமே முடிவு செய்யும் விஷயம் ஆகலாம்.

அறுவை இரண்டு மூன்று மணி நேரம். அதில் நமக்கு வேலையில்லை, வராண்டாவில் உட்கார்ந்திருப்பதுதான்.

ஸ்விட்ச் ஆன், மேப்பிங்

இரண்டு முதல் நான்கு வாரத்தில் தையல் ஆறியதும் கருவியை இயக்குவார்கள். போனில் சுற்றும் வீடியோக்களில் அம்மா குரலைக் கேட்டுக் குழந்தை சிரிக்கும். நம் வீட்டில் அப்படி நடக்காமல் போகலாம். என் மகன் தூங்கிவிட்டான். பயந்து அழும் குழந்தைகளும் உண்டு.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் திடீர் ஒலி உடம்பையே விறைக்க வைக்கும். ஆகவே அளவைக் குறைவாக வைத்து, நான்கைந்து படிநிலைப் புரோகிராம்களாகப் போட்டு, சில நாளுக்கு ஒரு படி ஏற்றச் சொல்லுங்கள். ஆட்டிசம் என்றாலும் இதே வழிதான். "கேட்டா கையைத் தூக்கு" என்பது நடக்காத இடத்தில், நரம்பின் பதிலையும் காதின் அனிச்சைச் செயலையும் அளக்கும் கருவிச் சோதனைகள் உண்டு. அவற்றை வைத்துத் தொடங்கலாம். மேப்பிங்குக்குப் போகும்போது பிசியோ செய்பவரோ பாட்டியோ, குழந்தையின் முகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்துப் போங்கள். ஒலி அதிகமானால் கண் சிமிட்டும், கன்னம் துடிக்கும். கன்னம் துடிப்பதைக் கவனித்தால் உடனே சொல்லுங்கள். மின்சாரம் முக நரம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய முடியும்.

தலையில் நிற்க வைப்பது

எங்கள் வீட்டில் பாதிச் சண்டை இதற்காகத்தான். சக்கர நாற்காலியின் தலைச்சாய்வில் பட்டு காயில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழன்று விழும். கடைசியில் ஸ்பாஞ்சில் காயில் அளவுக்கு ஒரு குழி வெட்டினோம். அதோடு பாதிப் பிரச்சினை போனது. மெல்லிய பருத்திக் குல்லா, தலைப்பட்டை, சட்டைக் காலரில் குத்தும் கிளிப் எல்லாம் உதவும். காதுக்குப் பின்னால் எதுவும் தொங்காமல், காயிலோடு சேர்ந்த ஒற்றை வட்டமாக வரும் ப்ராசஸரும் உண்டு. படுத்தே இருக்கும் குழந்தைக்கு அது வசதியா என்று கேளுங்கள். விழுகிறது என்று காந்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தோல் சிவந்து புண்ணாகும். வலிக்கிறது என்று நம் பிள்ளையால் சொல்ல முடியாது. தினமும் இரவு காயில் இருந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

தொட்டால் பிடிக்காத ஆட்டிசக் குழந்தைக்கு முதலில் குல்லாவை மட்டும் பழக்குங்கள். பிறகு பிடித்த விளையாட்டின்போது ஐந்து நிமிடம் ப்ராசஸர். அழுது பிடுங்குவதற்கு முன்பே நீங்கள் கழற்றிவிடுங்கள். தூங்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடுவதுதான் இலக்கு. எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தது என்று கருவியே பதிவு செய்யும், அதனால் டாக்டரிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

நம் ஊர் வியர்வைக்கு இரவில் உலர்பெட்டி கட்டாயம். தலை எண்ணெய் மைக்கில் போனால் ஒலி மங்கும். எண்ணெய்க் குளியல் அன்று எல்லாம் காய்ந்த பிறகுதான் மாட்டுங்கள். குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்திருந்தால் சர்ஜனைக் கேட்டு, காயம் முழுக்க ஆறிய பிறகு. கத்தி வேண்டாம், மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கேட்கப் பழக்குவது

முதலில் உட்கார வைக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். தலையை நிமிர்த்திப் பிடிக்கவே சக்தியெல்லாம் போனால், கேட்பதற்கு மிச்சம் இருக்காது. தலையும் இடுப்பும் தாங்கலில் இருக்கட்டும். டிவி அணைந்திருக்கட்டும். நியூரோபதி குழந்தைகளுக்குச் சத்தத்துக்கு நடுவில் பேச்சைப் பிரிப்பது மிகக் கஷ்டம்.

தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் முழு வீச்சும் இதில் அடங்கும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால் குழந்தையைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

தெரபி அறை வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் வீடு. குக்கர் விசில், மிக்ஸி, கேட் திறக்கும் சத்தம், தண்ணி லாரி ஹாரன். சத்தம் வந்ததும் காதைத் தொட்டு "கேட்டியா?" என்று கேட்டு, தூக்கிக்கொண்டு போய் அதைக் காட்டுங்கள். என் மாமியார் எந்தப் புத்தகமும் படிக்காமல் நாள் முழுக்க அவனிடம் ஊர்க்கதை பேசுவார். அதைவிட நல்ல தெரபி எனக்குத் தெரியாது. வீட்டில் என்ன மொழியோ அதிலேயே பேசுங்கள். ஸ்கூலுக்காக இங்கிலீஷ் வேண்டாம்.

சைகை காட்டினால் பேச்சு வராது என்று கண்டிப்பாகச் சொல்லும் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். காது மட்டும்தான் சிக்கல் என்ற குழந்தைக்கு அந்த முறைக்கு ஒரு நியாயம் இருக்கலாம். வாய்த்தசையே ஒத்துழைக்காத குழந்தைக்கு அது பொருந்தாது. பட அட்டை, கண்ணால் சுட்டுவது, சைகை எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு வழி இருந்தால்தான் கேட்டது புரிந்ததா என்று நமக்கே தெரியும்.

ஸ்விட்ச் ஆன் ஆன பிறகு ஏழாவது மாதத்தில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்தபோது அவனுடைய இடது கால் மட்டும் ஆடியது. மறு விசிலுக்கும் ஆடியது. மாமியார்தான் முதலில் பார்த்தார். அதை நோட்டில் எழுதி வைத்தோம், அடுத்த மேப்பிங்கில் ஆடியாலஜிஸ்ட் அந்தக் காலைப் பார்த்தே அளவு வைத்தார். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, சத்தம், உடம்பில் எது அசைந்தது, அவ்வளவு போதும்.

பையில் எப்போதும்

மாற்று பேட்டரி, ஒரு கேபிள், ஒரு குல்லா. கூடவே தமிழில் எழுதி லேமினேட் செய்த ஓர் அட்டை: இந்தக் குழந்தையின் தலைக்குள் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறது, கம்பெனி, மாடல், எந்தப் பக்கம், சர்ஜனைக் கேட்காமல் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, வேறு அறுவை நடந்தால் தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) பயன்படுத்தக் கூடாது, பிசியோவில் டயாதெர்மி (மின் அலையால் சூடு தரும் சிகிச்சை) கூடாது, காய்ச்சலோடு காதுவலியோ கழுத்து விறைப்போ வந்தால் அன்றே மருத்துவமனை. எங்கள் பிசியோ சென்டரில் ஆள் மாறும்போதெல்லாம் அந்த அட்டையைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறேன்.